ஸ்கொலாஸ்டிக் மெய்யியல்

ஸ்கொலாஸ்டிக் மெய்யியல் என்பது ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பாவின் பேராலயப் பள்ளிகளிலும், பின்னர் எழுந்த பல்கலைக்கழகங்களிலும் வளர்ந்த கிறித்தவச் சிந்தனை மரபாகும். மறைநூலும் திருச்சபைத் தந்தையரும் உரைத்தவற்றை அரிஸ்டோட்டிலின் அளவையியல் கொண்டு ஆராய்ந்து, விசுவாசமும் பகுத்தறிவும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என நிறுவுவதே இதன் தலையாய நோக்கமாக இருந்தது.

தோற்றமும் வளர்ச்சியும்

கன்ரபரிப் பேராயரான அன்சலம் (1033–1109), இறைவன் உண்டு என்பதை இறைவன் என்னும் கருத்திலிருந்தே நிறுவ முற்பட்டார். பீற்றர் அபெலார்ட் (1079–1142), தந்தையரின் கூற்றுகளுள் முரண்படுவனவற்றை 158 வினாக்களின் கீழ் எதிரெதிரே நிறுத்தி, ஐயமே ஆராய்ச்சிக்கு வழி என்று காட்டினார். 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் அரிஸ்டோட்டிலின் நூல்களும், இப்னு சீனா, இப்னு ருஷ்த் ஆகிய இஸ்லாமியப் பேரறிஞரின் ஆக்கங்களும் இலத்தீனில் பெயர்க்கப்பட்டமையால் இம்மரபு புதுவலிமை பெற்று, தோமினிக்கன் சபைத் துறவியான புனித தோமஸ் அக்குவினாஸ் (1225–1274) என்பாரிடத்தில் உச்சத்தை அடைந்தது. 1265 அளவில் அவர் தொடங்கி முற்றுப்பெறாது நின்ற இறையியல் தொகைநூல், இறையிருப்புக்கு ஐந்து வழிகளைக் கூறுகின்றது.

ஆய்வுமுறை

ஒரு வினாவை எழுப்பி, ஆசிரியர் ஏற்காத கருத்துக்குரிய வாதங்களை முதலில் வலுவாக எடுத்துரைத்து, அவற்றுக்கு மாறான சான்றொன்றைத் தந்து, பின்னர் விடையை நிறுவி, இறுதியில் எதிர்வாதங்களுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி கூறுவதே இம்மரபின் முறையாகும். அக்குவினாஸ் வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவோடு தொடர்பின்றியே தமிழகத்தில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வாதங்களை நிரல்படுத்தியது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பிறர் கொள்கைகளைக் கூறி மறுத்து, சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவியது. மாற்றார் கருத்தை முழுமையாகக் கூறிய பின்னரே மறுக்கும் இவ்வொழுக்கம் இரு மரபுகளுக்கும் பொதுவான பெருமையாகும்.

பிரிவுகள்

பல பொருள்களுக்குப் பொதுவான தன்மைகளாகிய பொதுமைகள் உண்மையில் உளவோ என்ற வினாவையொட்டி இம்மெய்யியலாளரை மூவகைப்படுத்தலாம். தனித்தனி மனிதருக்கு அப்பால் 'மனிதத் தன்மை' உண்மையாகவே உளது என்பது தீவிர மெய்ம்மைவாதம். அது வெறும் பெயரோ மனத்தின் கருத்தோ மட்டுமே என்பது பெயர்வாதம். பின்னதை 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான வில்லியம் ஒக்கத்தின் பெயரோடு இணைப்பர். பொதுமை பொருள்களிலேயே உறைகின்றது, அறிவு அதனைப் பிரித்தறிகின்றது என்ற அக்குவினாஸின் மிதவாத மெய்ம்மைவாதம், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கொள்கையாகும்.

தமிழில்

இம்மரபைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் உரோமாபுரியில் இயேசு சபையினரிடம் பயின்று, 1606இல் மதுரையை அடைந்த றொபேட் டி நொபிலி (1577–1656) ஆவார். தம் முதுமையில் சில காலம் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றிய இவர், ஆத்தும நிருணயத்தில் ஆன்மாவின் இயல்பை ஆராய்ந்தார். புனர்ஜென்ம ஆட்சேபத்தில் மறுபிறப்புக் கொள்கையை, மறைநூலை மட்டும் சான்றாகக் கொள்ளாது தருக்கத்தின் துணையோடு மறுத்தார். தமிழ் உரைநடை நுண்ணிய மெய்யியல் வாதங்களைத் தாங்கவல்லது என்பதை இந்நூல்கள் மெய்ப்பித்தன. திருத்தந்தை 13ஆம் லியோ 1879இல் தோமஸின் மெய்யியலுக்குப் புத்துயிரளித்துச் சுற்றுமடல் வெளியிட்டார். 1893இல் அவர் கண்டியை அடுத்த அம்பிட்டியவில் நிறுவிய குருமடத்தின் வழியே அம்மெய்யியல் இலங்கையில் குருக்களின் கல்வியில் இடம்பெற்றது.

இன்றைய நிலை

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின்னர் குருமடங்களில் இதன் தனியாட்சி தளர்ந்தது. எனினும் இலங்கையில் உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் பயிலும் மாணவர் எடுப்புகளைக் குறிக்க வழங்கும் ஏ, ஈ, ஐ, ஓ என்னும் நான்கு குறியீடுகளும், வாய்ப்பான நியாயத்தொடைகளை நினைவில் இருத்த உதவும் பார்பரா, செலாரென்ற் முதலிய பெயர்களும் இடைக்கால ஆசிரியர் வகுத்தளித்தவையே.