அம்பு போகும் வழி: சேரமலைகளில் வில்லாண்மையின் வளர்ச்சி

மறையூர்ப் பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கே இறங்கும் பாம்பாறு, சின்னாற்றோடு கூடி அமராவதியாகிக் கரூரை அடைகிறது. அந்தக் கரூர் ஆற்றுப்படுகையில் கிடைத்த சங்ககாலச் சேரர் செப்புக்காசுகளில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் அரசு தன் இலச்சினையாக ஏற்கும் அளவுக்கு வில் ஏன் உயர்ந்தது என்று கேட்டால், மலைநாட்டார் வேட்டுவர் என்பதே வழக்கமான பதில். பாண்டிய நாட்டிலும் சோழ நாட்டிலும் வேட்டுவர் இல்லாமலா போனார்கள்? இடுக்கி, பாலக்காட்டு மலைகள் முதல் வயநாடு வரையுள்ள காட்டின் அமைப்பே இங்குள்ள வில்லாண்மைக்கு வடிவம் கொடுத்தது என்பது என் கருத்து. அது நெடுந்தூரம் எய்யும் திசையில் வளரவில்லை. கிட்டத்தில் அம்பைப் பிழையின்றிச் செலுத்தும் திசையில் வளர்ந்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டாலும், குறிக்கோட்டிலிருந்து அது 10 மீட்டரில் 24 சென்டிமீட்டரும், 20 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டரும், 40 மீட்டரில் ஏறக்குறைய நான்கு மீட்டரும் தாழ்ந்துவிடும். வில்லாளி 10 மீட்டர் தூரத்தை 15 என்று மயங்கினால் பிழை 30 சென்டிமீட்டர். மானின் உடலிலேயே எங்காவது தைக்கலாம். 40 மீட்டரை 45 என்று மயங்கினாலோ ஒரு மீட்டர் பிழை. அம்பு மானுக்கு மேலே போய்விடும். சோலைக்காட்டிலும் மூங்கில் புதரிலும் பார்வையே அதிக தூரம் செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் வில்லின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயனில்லை. அம்பு சீராகக் கிளம்புவதே முக்கியம்.

சீராகக் கிளம்புவது சொல்லுமளவுக்கு எளிதல்ல. நாண் அம்பை வில்தண்டின் நடுவை நோக்கித் தள்ளுகிறது. தண்டோ வழியை மறித்து நிற்கிறது. அமெரிக்கரான ராபர்ட் எல்மர் இதை ‘வில்லாளியின் முரண்’ என்றார். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் எடுத்த அதிவேகப் படங்கள் விடையைக் காட்டின: அம்பு மீனைப் போல நெளிந்து தண்டைத் தொடாமல் கடந்து போகிறது. ஜப்பானியர் இதற்கு இன்னொரு வழியும் கண்டார்கள். அவர்களின் வில் 221 சென்டிமீட்டர் நீளம். பிடி நடுவில் இல்லாமல் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். நாணை விட்டதும் வில் கைக்குள்ளேயே சுழன்று அம்புக்கு வழிவிடுகிறது. கீழ்ப்பாதி குட்டையான இந்த வில்லை மூன்றாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பே சொல்கிறது. சுழலாத வில்லில் சுமை முழுவதும் அம்பின் தண்டு மேல் விழுகிறது. விறைப்பு கூடினாலும் குறைந்தாலும் அம்பு பக்கவாட்டில் விலகும். சங்ககால ஊரான கொடுமணலின் அகழ்வில் இரும்பு அம்புமுனைகள் கிடைத்துள்ளன. கனமான இரும்பு முனை, கிளம்பும் நேரத்தில் அம்பின் தண்டை இன்னும் அதிகமாக வளைக்கும். ஆகவே தண்டு விறைப்பாகவும் வேண்டும், இலேசாகவும் வேண்டும். உள்ளீடற்ற மெல்லிய மூங்கில் இரண்டுக்கும் பொருந்துகிறது. இடுக்கி மலைகளில் அதற்குப் பஞ்சமில்லை. இரும்பு வந்தபின் நுட்பம் முழுவதும் அம்பு செய்பவன் கைக்கு மாறியது என்று நான் கருதுவது இதனால்தான்.

புறநானூற்றின் 152ஆம் பாட்டைக் காட்டி இதை மறுக்கலாம். வன்பரணர் பாடிய வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்துகிறான். கடைசியில் அந்த அம்பு புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. இது வில்லின் வலிமையைப் புகழ்வதல்லவா? முன் சொன்ன அம்பின் ஆற்றல் ஏறக்குறைய 30 ஜூல்தான். அதைப்போல மூன்று மடங்கு இருந்தாலும் யானையைத் துளைத்து வெளியே வராது. பாட்டு மிகைதான். ஆனால் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: யானையில் தொடங்கி உடும்பில் முடிகிறது. ஒவ்வோர் உடலிலும் அம்பு ஆற்றலை இழக்கிறது என்பதை அறிந்தே புலவர் விலங்குகளை அடுக்கியிருக்கிறார். மிகையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் வியப்பது நாணின் இழுப்பை மட்டுமல்ல, நான்கு உடல்களைக் கடந்தும் திசை மாறாத அம்பையும்தான்.

துப்பாக்கி வந்ததும் வில் தோற்றுப்போனதே என்பது அடுத்த மறுப்பு. 1802 அக்டோபரில் எடச்சேன குங்கனும் தலக்கல் சந்துவும் மலைப் பழங்குடியினரான குறிச்சியரின் வில்படையோடு வயநாட்டுப் பனமரம் கோட்டையைத் தாக்கினார்கள். கிழக்கிந்தியக் கும்பினிப் படையினர் 70 பேர் மாண்டனர். கோட்டையிலிருந்த 112 துப்பாக்கிகளையும் ஆறு பெட்டி வெடிமருந்தையும் வென்றவர்கள் எடுத்துச் சென்றார்கள். துப்பாக்கியை அவர்கள் வெறுக்கவில்லை. ஆனால் ஆறு பெட்டி தீர்ந்தால் மருந்தும் ஈயமும் மலைக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும்; மூங்கில் அங்கேயே முளைக்கிறது. கிட்டத்துச் சண்டையில், ஒருவன் ஒருமுறை மருந்து கெட்டித்துச் சுடுவதற்குள் பல அம்புகள் பறந்துவிடும். 1812இல் கும்பினி வரியைப் பணமாகக் கேட்டபோது, குறிச்சியரும் குறும்பரும் மறுபடி வில்லோடுதான் எழுந்தார்கள்.