மூன்றாமவரும் கடைசியானவரும்

இரண்டு விளையாட்டு வீரர்களை ஒப்பிட்டால், "அவருக்கு வாய்த்த அணி வேறு, பயிற்சியாளர் வேறு" என்று யாராவது சமாதானம் சொல்லிவிடுவார்கள். ட்ரே லான்ஸ், பிராக் பர்டி என்ற இரண்டு இளம் குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) விஷயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். போட்டிகளில் இருவரும் ஒரே அணிக்கு, சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸுக்கு ஆடினார்கள். இருவருக்கும் கைல் ஷானஹனே பயிற்சியாளர். லான்ஸ் 2021 டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வானவர். பர்டி 2022 டிராஃப்டில் 262ஆவதாக, அதாவது கடைசி ஆளாகத் தேர்வானவர்.

கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஐ.பி.எல். ஏலம் போன்றதல்ல. அங்கே விலை கேட்பதில்லை. சுற்றுச் சுற்றாக முறை வைத்து ஆள் எடுப்பார்கள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் முறை. வரிசையில் முன்னே வர நினைக்கும் அணி, தன் வருங்கால முறைகளை விட்டுக்கொடுத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். 12ஆம் இடத்தில் இருந்த ஃபார்ட்டிநைனர்ஸ் மூன்றாம் இடத்துக்கு வருவதற்காக 2022, 2023 இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று முறைகளையும் ஒரு மூன்றாம் சுற்று முறையையும் மயாமி அணிக்குக் கொடுத்தது. மூன்று ஆண்டு முதலீடு ஒரே இளைஞன் மேல்.

அவரிடம் அப்படி என்ன கண்டார்கள்? லான்ஸ் மினசோட்டா மாநிலத்தின் மார்ஷல் என்ற சிற்றூர்க்காரர். 6 அடி 4 அங்குல உயரம், வலுவான கை, ஓடவும் தெரிந்த கால். நார்த் டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2019இல் புள்ளி தரும் டச் டவுன் பாஸ்கள் 28 எறிந்தார். எதிரணி ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அணி 16 ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றது. ஆனால் அது கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் அடுக்குப் போட்டி. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. லான்ஸ் ஆடியது ஒரே ஓர் ஆட்டம்.

அரிசோனாக்காரரான பர்டியிடம் தேர்வாளர்களின் கண்ணை உறுத்தும் சிறப்பு எதுவும் இல்லை. உயரம் ஏறத்தாழ 6 அடி 1 அங்குலம், கைவலு சாதாரணம். ஆனால் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் முதன்மைப் போட்டியில் ஆடி 12,170 கெஜம் எறிந்திருந்தார். கடைசியாகத் தேர்வாகிறவரை 'ஆகாதவர்' என்று செல்லமாகக் கேலி செய்து, கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் விழா எடுத்து, பந்தை நழுவவிடும் வீரன் உருவத்தில் ஒரு கோப்பையும் கொடுப்பார்கள். 1976 முதல் நடந்துவரும் அந்த வேடிக்கை பர்டிக்கும் நடந்தது.

ஒப்பீட்டின் மையம் ஓர் எண்ணிக்கையில் இருக்கிறது. கல்லூரி நாட்களில் லான்ஸ் எறிந்த பந்துகள் சுமார் 320. பர்டி எறிந்தவை 1,450க்கு மேல். எதிரணி வீரர்கள் பாய்ந்து வரும் ஏறத்தாழ மூன்று நொடிக்குள் யார் தனித்து நிற்கிறார் என்று கண்டு எறிய வேண்டிய வேலை குவார்ட்டர்பேக்குடையது. அந்தக் கண் எறிந்து எறிந்துதான் பழகும். உயரத்தை அளக்கலாம், ஓட்டத்துக்கு நேரம் குறிக்கலாம். இந்தப் பழக்கத்தை அளக்க அளவுகோல் கிடையாது.

வாய்ப்பு இருவருக்கும் வந்தது. காயமும் இருவருக்கும் வந்தது. லான்ஸ் முதல் பருவத்தில் இரண்டே ஆட்டங்களைத் தொடக்க வீரராக ஆடினார். 2022இல் அணி அவர் கைக்கு வந்தது. 2022 செப்டம்பர் 18, சியாட்டிலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம். அவரே பந்தோடு நடுவில் ஓடும்படி திட்டமிட்ட ஒரு நகர்வில் வலது கணுக்கால் முறிந்தது. அணி அவரிடம் விரும்பிய கால்களே அவர் பருவத்தை முடித்தன.

அவர் இடத்துக்கு வந்த ஜிம்மி கரோப்பலோவும் டிசம்பர் 4 அன்று பாதம் முறிந்து வெளியேற, பர்டி இறங்கி மயாமியை வென்றார். அடுத்த வாரம் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் டாம்பா பே அணியை 35-7 என்று சாய்த்தார். வழக்கமான பருவம் முடியும்வரை அவர் தொடங்கிய ஐந்து ஆட்டங்களிலும் வெற்றி. 2023 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டத்தில், எறியும் கையை எதிரணி வீரர் தட்ட, முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாற்று ஆளும் தலையில் அடிபட்டு விலக, எறிய முடியாத கையோடு பர்டியே மீண்டும் இறங்கி, பந்தை வாங்கி ஓட்டக்காரரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அணி தோற்றது.

பிறகு பாதைகள் பிரிந்தன. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று முறைக்கு லான்ஸை டாலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே பருவத்தில் பர்டி 4,280 கெஜமும் 31 டச் டவுன்களும் எறிந்து அணியை இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார். கான்சஸ் சிட்டியிடம் 25-22 என்று தோற்ற அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பர்டியின் முக்கியமான பாஸைத் தட்டிவிட்டவர் ட்ரென்ட் மெக்டஃபி. லான்ஸுக்காக விட்டுக்கொடுத்த 2022 முதல் சுற்று முறைதான் கைமாறிக் கான்சஸ் சிட்டிக்குப் போய், மெக்டஃபியை எடுக்க உதவியது. லான்ஸுக்காகப் பட்ட கடனின் வட்டியைப் பர்டி கட்டினார்.

பணத்திலும் இதே முரண். லான்ஸின் நான்கு ஆண்டு அறிமுக ஒப்பந்தம் சுமார் 3.4 கோடி டாலர். பர்டியுடையது சுமார் 37 லட்சம். சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள போட்டியில், மலிவான குவார்ட்டர்பேக் கிடைத்ததால் மற்ற நட்சத்திரங்களை அணியால் வைத்துக்கொள்ள முடிந்தது. பர்டியின் வெற்றி முழுக்க அவருடையதல்ல என்போருக்கு இது ஒரு வலுவான ஆதாரம். கூட ஆடியவர்கள் பலர் காயமடைந்த 2024 பருவத்தில் அணி 6 வென்று 11 தோற்றது. பர்டியும் 12 பாஸ்களை எதிரணிக்குக் கொடுத்தார். ஆனாலும் 2025 மே மாதம் ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் தந்து அணி அவரையே நம்பியது.

லான்ஸைத் தோல்வி என்று எழுதுவது எளிது, நியாயமல்ல. ஃபார்ட்டிநைனர்ஸுக்காக அவர் தொடங்கியது நான்கே ஆட்டங்கள், அதில் ஒன்று முதல் கால்பகுதியிலேயே முடிந்துபோனது. பர்டி தவறுகளைக் கல்லூரியிலேயே செய்து திருத்திக்கொண்டு வந்தார். லான்ஸுக்குத் தவறு செய்யக்கூட நேரம் கிடைக்கவில்லை. மூன்றாம் இடம் என்ற விலை திறமைக்குத் தரப்பட்டது, அனுபவத்துக்கு அல்ல. இங்கே தவறியது அந்த மதிப்பீடே.