பேருந்தைப் புறக்கணித்த ஊர்

நான் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். மான்ட்கோமரி போராட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் மேடைப் பேச்சுகளைத் தாண்டி ஒரு கேள்விதான் எனக்குள் நிற்கும்: பேருந்தில் ஏற மாட்டோம் என்றவர்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரில், அப்போது பேருந்தின் முன்வரிசை இருக்கைகள் வெள்ளையருக்கு. காலியாகக் கிடந்தாலும் கறுப்பின மக்கள் நின்றுகொண்டுதான் வர வேண்டும். முன்வாசலில் 10 சென்ட் கொடுத்துவிட்டு இறங்கி, பின்வாசலுக்கு நடக்க வேண்டும். அதற்குள் வண்டியை எடுத்துவிடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். காசை வாங்கிக்கொண்டு பயணியைத் தெருவில் விட்டுப் போவதைவிட எங்கள் தொழிலில் வேறு கேவலம் இல்லை.

1955 மார்ச்சில் வெள்ளைப் பயணிக்கு இடம் தர மறுத்த கிளாடெட் கோல்வின் கைதானார், வயது 15. டிசம்பர் 1இல் ரோசா பார்க்ஸ். அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் விடிய விடிய உட்கார்ந்து, பேருந்தில் ஏறாதீர்கள் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்தார். 5ஆம் தேதி பேருந்துகள் காலியாக ஓடின.

முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் அதே 10 சென்ட்டுக்கு ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்று நகராட்சி சட்டத்தைக் காட்டி அதைத் தடுத்தது. இதேபோல் பேருந்தைப் புறக்கணித்த பேட்டன் ரூஜ் நகர மக்கள் 1953இல் சொந்தக் கார்களை ஓட்டிச் சமாளித்திருந்தார்கள். மான்ட்கோமரி போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் அங்கிருந்த பாதிரியார் ஜெமிசனிடம் தொலைபேசியில் விவரம் கேட்டார். பிறகு சுமார் 300 கார்கள், ஏறுமிடம், இறங்குமிடம், நேர அட்டவணை! ஒரு பணிமனையே செய்யும் வேலை அது.

பெட்ரோலுக்குக் காசு? சமையல்காரர் ஜார்ஜியா கில்மோர் புறக்கணிப்புக்காக கிங் மீது தொடுத்த வழக்கில் அவர் பக்கம் சாட்சி சொன்னதால் வேலையை இழந்தவர். அவரும் தோழிகளும் கோழிக்கறியும் கேக்கும் விற்றுப் பணம் சேர்த்தார்கள். கொடுத்தவர் பெயரை வெளியே சொல்வதில்லை. தெரிந்தால் வெள்ளையர் வீட்டில் பிழைப்பு போய்விடும். கிங்கை அறிந்த எல்லோரும் கில்மோரையும் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

1956 நவம்பர் 13 அன்று அந்தக் கார் ஏற்பாட்டுக்கு உள்ளூர் நீதிமன்றம் தடை போட்டது. பேருந்தில் பிரித்து உட்காரவைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே நாளில்தான். உத்தரவு ஊர் வந்து சேரும்வரை, ஒரு மாதத்துக்கும் மேல், கார் சேவையும் இல்லாமல் சமாளித்தார்கள். டிசம்பர் 21இல் பேருந்தில் ஏறி விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள். சில நாட்களில் பேருந்துகள் மீது துப்பாக்கிச் சூடு. கர்ப்பிணி ஒருவரின் கால்களில் குண்டு பாய்ந்தது. மாலை நேர ஓட்டத்தையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள்.