டக் டக் டக்: ஒரு ரப்பர் பூட்டோட வரலாறு

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை. இன்னிக்கு என்னை எழுத வச்சது எங்க அப்பாவோட மாருதி 800. எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. போன வருஷம்தான் "நல்லா பாத்துக்கடா"ன்னு சொல்லி சாவியைக் கையில கொடுத்தார்.

ஒரு மாசமா வண்டியை வளைக்கும்போதெல்லாம் முன் சக்கரத்துல இருந்து டக் டக் டக்னு சத்தம். நேரா போனா ஒண்ணும் இல்லை. பொட்டி தட்டுற நமக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியத்தைப் பண்ணினேன். பாட்டு சத்தத்தைக் கூட்டி வச்சுட்டேன் :-)

கடைசியில மெக்கானிக் அண்ணன் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடிச்சுக் காட்டினார். சக்கரத்துக்கு உள்பக்கம், மடிப்பு மடிப்பா ஒரு கறுப்பு ரப்பர் உறை. அதுல நீளமா ஒரு கிழிசல். ரிம்முக்கு உள்பக்கம் பூரா கிரீஸ் தெறிச்சுக் காய்ஞ்சு கிடந்துச்சு. "தம்பி, பூட் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. உள்ள கிரீஸ் இல்லை, மண்ணுதான் இருக்கு. அப்பவே வந்திருந்தா பூட், கிளாம்ப், கிரீஸோட போயிருக்கும். இப்ப ஆக்ஸிலையே மாத்தணும்"ன்னார்.

அப்பாவுக்கு போன் போட்டேன். திட்டவே இல்லை. "குனிஞ்சு பாக்கலையாடா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

சரி, இந்தச் சின்ன ரப்பருக்கு இவ்வளவு மவுசான்னு தோண்ட ஆரம்பிச்சேன். அது என்னை நேரா 17ம் நூற்றாண்டுக்குக் கொண்டு போயிருச்சு. கொசுவத்தியைச் சுத்திக்கோங்க.

வளைஞ்ச கோணத்துல சுழற்சியைக் கடத்துற யூனிவர்சல் ஜாயிண்டுக்கு 16ம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் கார்டானோ பேரைச் சொல்லுவாங்க. அதை விவரமா எழுதி வச்சவர் இங்கிலாந்தோட ராபர்ட் ஹூக். ஆமா, பள்ளிக்கூடத்துல ஸ்பிரிங் விதியைச் சொல்லி நம்மளை வாட்டின அதே ஹூக்தான். 1676ல சூரியனைப் பார்க்கிற கருவி பத்தி எழுதின புத்தகத்துல இந்த ஜாயிண்டும் வருது. காரே இல்லாத காலம்!

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. உள்ள வர்ற தண்டு ஒரே சீரா சுத்தினாலும், வெளிய போற தண்டு ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை வேகமாகும், ரெண்டு தடவை மெதுவாகும். 30 டிகிரி வளைச்சா வேகம் சுமார் 15 சதவீதம் ஏறி, 13 சதவீதம் இறங்கும். பின் சக்கரத்துல ஓடுற வண்டிகளுக்கு இது பெரிய தலைவலி இல்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு ரெண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட் போட்டு, கோணத்தைச் சமமா வச்சா, ஒண்ணு பண்ற தப்பை இன்னொண்ணு சரி பண்ணிடும். நம்ம அம்பாசிடர் கடைசி வரைக்கும் ஓடினது அப்படித்தான்.

முன் சக்கரம் அப்படி இல்லை. அது சுத்தவும் வேணும், திரும்பவும் வேணும். வளைவுல கோணம் மாறிக்கிட்டே இருக்கும். சாதாரண ஜாயிண்டைப் போட்டா ஸ்டியரிங் கையிலயே உதறும். அதனால முன் சக்கர இழுவைங்கிறது ரொம்ப காலம் சில பேரோட பிடிவாதமா மட்டுமே இருந்துச்சு.

முடிச்சு அவிழ ஆரம்பிச்சது 1920களில். பிரான்ஸ்ல பியர் ஃபெனாயும் ழான்-ஆல்பர் கிரெகுவாரும் 1926ல டிராக்டா ஜாயிண்டைக் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷமே அதே பேர்ல ஒரு காரை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல ஓட விட்டாங்க. அதே சமயத்துல அமெரிக்காவுல ஃபோர்ட் இன்ஜினியர் ஆல்ஃபிரட் ஷெப்பா (எழுதுறது 'ஆர்'ல, சொல்றது ஷெப்பா) இன்னொரு வழி கண்டுபிடிச்சார். ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஒரு உருண்டை, ரெண்டுலயும் வெட்டின பள்ளங்கள்ல ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகளைப் பிடிச்சு வைக்க ஒரு கூடு. எந்தக் கோணத்துல வளைஞ்சாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியா வெட்டுற தளத்துலயே நிக்கும். அதனால உள்ள என்ன வேகமோ வெளியேயும் அதே வேகம். சி.வி. ஜாயிண்டுன்னு மெக்கானிக் சொல்றது இதைத்தான்.

1934ல சித்ரோயன் 'டிராக்சியோன் அவான்' வந்து முன் சக்கர இழுவையைப் பெரிய அளவுல செஞ்சு காட்டுச்சு. அந்தச் செலவுல கம்பெனியே திவாலாகி மிஷெலின் கைக்குப் போச்சு, 1935ல ஆந்த்ரே சித்ரோயனும் போய்ச் சேர்ந்தார். வண்டி மட்டும் 1957 வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

இரண்டாம் உலகப்போர் ஜீப்களோட முன் ஆக்ஸில்லயும் இந்த ஜாயிண்டுங்க இருந்துச்சு. ஆனா அதுக்குக் காவல் ரப்பர் இல்லை. உருண்டையான இரும்புக் கூட்டுக்குள்ள மூடி, விளிம்புல ஃபெல்ட் வச்சு அடைச்சிருப்பாங்க. கனம் ஜாஸ்தி, கசிவும் உண்டு. சின்னக் காருக்கு இது ஒத்து வராது.

1956 சூயஸ் நெருக்கடியில பிரிட்டன்ல பெட்ரோல் ரேஷன் ஆச்சு. உடனே சின்ன கார் வேணும்னு பி.எம்.சி. கம்பெனி அலெக் இசிகோனிஸைக் கேட்டுச்சு. 1959 ஆகஸ்ட் 26ல மினி வெளிவந்துச்சு. நீளம் 10 அடி, சக்கரம் 10 அங்குலம். இன்ஜினைக் குறுக்கே படுக்க வச்சு நாலு பேருக்கு இடம் பண்ணினார். சக்கரத்துப் பக்கம் ஷெப்பா வகை ஜாயிண்ட், அதுக்கு மேல ஒரு ரப்பர் பூட். இந்தச் சூத்திரத்தைத்தான் பின்னாடி உலகமே காப்பி அடிச்சுச்சு.

இந்தியாவுக்கு அது பெரிய அளவுல வந்தது 1983 டிசம்பர்ல, மாருதி 800 ரூபத்துல. அதுக்கு முன்னாடி அம்பாசிடர், பத்மினி ரெண்டுமே பின் சக்கர வண்டிங்க. அப்பா மாருதி வாங்குறதுக்கு முன்னாடி வேலைக்காக அம்பாசிடர் ஓட்டினவர். கிரீஸ் கன்னை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுக்கிறது அவருக்கு மாசாந்திர வேலை. ஜாயிண்டுல இருக்கிற நிப்பிள்ல கிரீஸ் அடிக்கணும். அடிக்கலைன்னா வண்டியே சத்தம் போட்டுக் கேக்கும்.

மாருதியில அந்த நிப்பிள் இல்லை. தொழிற்சாலையிலயே கிரீஸை அடைச்சு, பூட்டைப் போட்டு, ரெண்டு கிளாம்ப்ல இறுக்கி மூடிடுவாங்க. பூட் முழுசா இருக்கிற வரைக்கும் ஜாயிண்டைத் திறக்கவே தேவையில்லை. கிழிஞ்சுதுன்னா சக்கரம் சுத்துற வேகத்துல கிரீஸ் வெளிய போகும், தண்ணியும் மண்ணும் உள்ள வரும். குண்டு ஓடுற பள்ளத்தை மண்ணு அரம் மாதிரி தேய்ச்சுடும். அதுலயும் சக்கரத்துப் பக்கத்து பூட்தான் அதிகம் வளையும், பெரும்பாலும் முதல்ல போறதும் அதுதான்.

எனக்குத் தோணினது இதுதான். ஷெப்பா, கிரெகுவார், இசிகோனிஸ் பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு. இவங்க எல்லாரோட மூளையையும் மண்ணு தின்னாம காப்பாத்துறது ஒரு ரப்பர் பை. அது நம்மகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, எப்பவாவது குனிஞ்சு பாருங்கிறது. கிரீஸ் அடிக்கிற வேலை போனதோட நாம குனியுறதையும் சேர்த்து விட்டுட்டோம்.

புது ஆக்ஸில் மாட்டும்போது "அந்தப் பக்கத்தையும் பாருங்கண்ணே"ன்னேன். அந்த பூட்டோட மடிப்புல மெல்லிசா வெடிப்பு. கிழியலை, கிரீஸும் வெளிய வரலை. "இதுக்கு நேரத்துக்கு வந்துட்டீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே பூட்டை மட்டும் மாத்தினார்.

ராத்திரி அப்பாவுக்குச் சொன்னேன். "ம்"முன்னு மட்டும் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அடுத்த மாசமும் பாரு"ன்னார்.

டிஸ்கி: படிச்சு முடிச்சதும் கீழ இறங்கிப் போய் உங்க வண்டி முன் சக்கரத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் வந்து கும்மி அடிக்கலாம் :-)