எடிசன் மாடியிலேர்ந்து போட்ட பேட்டரி

குற்றாலம் சீசன்ல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்க நம்ம தென்காசி நண்பர்கள் ஒரு சமாதானம் சொல்வாங்க: "இந்தச் சாரல் காத்துல பேட்டரி எங்கடே சூடாகப் போவுது?" நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்தான். ஆனா எஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு இதைக் கேட்டா சும்மா இருக்க முடியல.

வண்டி பேட்டரியோட முதல் எதிரி சூடு இல்லீங்க, குலுக்கல். ஈய-அமில பேட்டரித் தகட்டுல அப்பியிருக்க பொருள் குலுங்கக் குலுங்க உதிரும். அடியில சேறாத் தங்கி ரெண்டு தகட்டையும் தொட்டுட்டா ஷார்ட்தான். இதுக்கு மாற்றா எடிசன் 1903-ல நிக்கல்-இரும்பு செல்லை விற்பனைக்கு விட்டார். தாங்குதான்னு பாக்க மாடி ஜன்னல்லேர்ந்தே தூக்கிப் போட்டாங்க. அதுக்கெல்லாம் தாங்கின செல், விக்க ஆரம்பிச்சப்புறம் ஒழுக ஆரம்பிச்சது! உற்பத்தியை நிறுத்திட்டு மனுசன் திரும்ப உக்காந்தார். உருப்படியான செல் வந்தது 1909-ல.

1991-ல சோனி லித்தியம்-அயான் செல்லை வீடியோ கேமராவுக்காகக் கொண்டு வந்தது. கையில பூ மாதிரி ஏந்துற பொருளுக்கு வந்த சங்கதி, பின்னாடி நம்ம ரோட்டுக்கு வந்துருச்சு.

உருளை செல்லைப் பிரிச்சா உள்ளே பத்தமடைப் பாயைச் சுருட்டி வச்ச மாதிரி இருக்கும். செம்புத் தாள், அலுமினியத் தாள், நடுவுல பிளாஸ்டிக் சவ்வு. தாளோட நீளவாக்குல சூடு சுலபமா ஓடும். அடுக்கு தாண்டிக் குறுக்கே வரணும்னா சவ்வு மறிக்கும். அதனால சாரல் காத்து பெட்டியைத்தான் குளிர வைக்கும், சுருளோட நடுப்பகுதி தனியா வெந்துக்கிட்டு இருக்கும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏத்தத்துல மின்சாரம் ரெண்டு மடங்கு இழுத்தா உள்ளே பிறக்குற சூடு நாலு மடங்கு. அதோட, பழைய வடிவத்துல மொத்த மின்சாரமும் தாள்ல ஒட்டின ஒரு சின்னப் பட்டை வழியாத்தான் வெளியேறணும். 2020-ல டெஸ்லா காட்டின 4680 செல்லுல (46 மி.மீ. விட்டம், 80 மி.மீ. உயரம்) அந்தப் பட்டையே கிடையாது. தாளோட விளிம்பு முழுசும் மூடியைத் தொடும். செல் பருத்தா நடுப்பகுதி சுவர்லேர்ந்து இன்னும் தள்ளிப் போகுமே, அதனால வேற வழியும் இல்ல.

குலுக்கலுக்குச் சுலப வைத்தியம், செல்களை நெருக்கி வச்சுப் பசை ஊத்துறது. சூடு கடத்தாத பசையா இருந்தா கம்பளி போத்தின கதைதான். பசை இல்லாம விட்டா வெல்டிங் விரிசல் விடும். எனக்குத் தெரிஞ்சு இந்த இழுபறிதான் மொத்த வடிவமைப்பே.

2022 மார்ச்சுல வேலூர்ல வீட்டுல சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிஞ்சு, அப்பாவும் மகளும் புகையில செத்துப் போனாங்க. அந்த வருஷம் வரிசையா நடந்த தீ விபத்துகளுக்கு அப்புறம் ஏ.ஐ.எஸ். 156 விதி இறுக்கப்பட்டது. செல்களுக்கு நடுவுல போதுமான இடைவெளி வேணும், ஒரு செல் எரிஞ்சா பக்கத்துச் செல்லுக்குப் பரவுதான்னு சோதிக்கணும். 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31னு ரெண்டு கட்டமா அமலுக்கு வந்தது. பழைய ஸ்கூட்டர் சல்லிசா வருதுன்னு யாராச்சும் கூப்பிட்டா, விலைக்கு முன்னாடி தயாரிப்பு மாசத்தைக் கேளுங்க மக்கா.