உப்பி மீளும் பித்தளை

பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்தபோது, மருந்து எரிந்து எழும் வாயு இடுக்கு வழியாகச் சுடுபவரின் முகத்தை நோக்கிச் சீறியது. 1860-களில், லண்டனுக்கு அருகே வூல்விச்சில் ராணுவ வெடிமருந்துக் கூடத்தைக் கவனித்துவந்த கர்னல் எட்வர்டு பாக்ஸர், இடுக்கை அடைக்கும் வேலையைத் தோட்டாவிடமே ஒப்படைத்தார். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, இரும்பு அடிவட்டில் பொருத்தினார். வெடிக்கையில் கூடு உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வாயு பின்னால் வராது. குண்டு வெளியேறியதும் சற்றே சுருங்கும், காலித் தோட்டாவை இழுத்துப் போட்டுவிடலாம். செம்பும் நன்றாக உப்பும், மீள்வதில்தான் சோம்பேறி.

ஆனால் சுருட்டிய தகடு போருக்குத் தாங்கவில்லை. 1885 ஜனவரி 17 அன்று சூடானில் அபூ கிளியாச் சண்டையின் நடுவே பிரிட்டிஷ் படையின் மார்டினி–ஹென்றி துப்பாக்கிகள் பல அடைத்துக்கொண்டன. மணலும் வெப்பமும் சேர்ந்துகொள்ள, மெல்லிய கூடு அறைக்குள்ளேயே சிக்கியது. அதன் பிறகு இழுத்துச் செய்த முழுப் பித்தளைக் கூடு அந்த இடத்துக்கு வந்தது. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அச்சுக்குள் மறுபடி மறுபடி இழுத்து நீட்டுவார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை முறுக்கேறும் என்பதால் நடுநடுவே சூடேற்றி இளக்க வேண்டும்.

இந்த முறுக்கு என்ன செய்யும் என்று காட்டியது இந்தியா. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், ஒரு முறைகூடச் சுடாமலேயே கீறல் விட்டன. பருவத்தின் மேல்தான் முதலில் பழி விழுந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையோடு சேர்ந்து பித்தளையைப் பிளக்கிறது என்பதை 1921-ல் மூர், பெக்கின்ஸேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். லாயத்தில் கிடந்த விடையை ஆய்வுக்கூடம் எடுத்துச் சொல்ல இத்தனை காலம்! மருந்தும் எளியதுதான்: செய்து முடித்த கூட்டை மிதமாகச் சூடேற்றி இழுவிசையைத் தணிப்பது.

காலிக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடுபவர்களுக்கும் இதே உலோகக் கணக்குதான். சுடும்போது உப்புகிறது, அச்சில் போட்டால் ஒடுங்குகிறது. முறுக்கேறிய கழுத்து ஒருநாள் பிளக்கும். கழுத்தை இளக்கினால் ஆயுள் நீளும். அடிப்பாகம் வேறு. அங்கே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள், அந்தக் கூட்டைக் கழித்துவிட வேண்டியதுதான். லீ–என்ஃபீல்டு துப்பாக்கியில் இது சீக்கிரமே வரும்: அறையை மூடும் அதன் போல்ட் பின்கோடியில் பூட்டுகிறது, அறையும் தாராளம், கூடு நீளுகிறது.

தட்டையாகிப்போன பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), திறக்க மறுக்கும் போல்ட், தளர்ந்த பிரைமர் குழி: அறைக்குள் வாயு அழுத்தம் மிஞ்சியதற்கு இவற்றைத்தான் அடையாளம் என்பார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. பிரைமர் உறையின் கடினம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். தளர்ந்த குழியோ, எல்லை தாண்டிய பிறகு வரும் சேதி. பீரங்கி வல்லுநர் ஆண்ட்ரூ நோபிள் 1860-களிலேயே கூட்டின் பேச்சைக் கேளாமல், சிறு செம்பு உருளை ஒன்றை வாயுவால் நசுக்கவிட்டு, அது எவ்வளவு குறுகியது என்று அளந்தார். இன்றைய ஆய்வுக்கூடங்களில் அந்த வேலையை அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் படிகம் செய்கிறது.