ஒரு பெட்டி, மூன்று தொழில்

பென்டியம் 4, 256 எம்பி ரெம், விண்டோஸ் எக்ஸ்பி. சுனாமிக்கு அடுத்த வருடம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி, போர்வை சுற்றி, இரவு பஸ்ஸில் மாமா நிந்தவூருக்குக் கொண்டுவந்த கொம்பியூட்டர் அது. பிரதான வீதியில் அவருக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை.

சுனாமியை அடுத்து கொழும்பில் தன்னார்வ நிரலாளர்கள் அவசரமாக உருவாக்கிய ‘சஹானா’ மென்பொருள், காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிந்தது. அது ஓடியது சேர்வரில். ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்லும் கணினி வகை அது. மாமாவின் பெட்டிக்கு முன்னால் ஒருவர்தான் உட்காரலாம். பின்னால் வரிசை நிற்கும். வீட்டுக்கான விண்ணப்பம், மரணச் சான்றிதழ் கேட்டுக் கடிதம், எல்லாமே பாமினி எழுத்துருவில். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்துக் குவியலுக்குள் மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். அதனால் சீடியில் கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்தே பதிந்து கொடுப்பார் மாமா.

பிறகு அது எங்கள் வீட்டுக்கு வந்தது. ராத்தா உயர்தரத்தில் ஜிஐடி பரீட்சைக்குப் படித்தது அதில்தான். கடற்காற்று ரெம்மின் பித்தளை நிறப் பற்களில் படிந்துவிடும்; திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வரும். கழற்றி அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பூட்டினால் உயிர் வரும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் ராத்தாவுக்கு லெப்டொப் தேவைப்பட்டது. விரிவுரைக்கும் விடுதிக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே.

இன்று அந்தப் பெட்டி ஒரு அரிசி மில்லில் இருக்கிறது. முதுகில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருப்பதுதான் அதன் பெருமை. தராசின் கேபிள் அதில்தான் பொருந்தும். அந்தத் தராசுக்குள்ளும் ஒரு கணினி உண்டு: பாரம் ஏறும்போது உணரியில் உண்டாகும் மிகச் சிறிய மின் மாற்றத்தைக் கிலோவாக்கும் ஒற்றைச் சில்லு. மில்காரரின் கைப்பேசி இவை இரண்டையும்விடப் பல மடங்கு வேகமானது. ஆனால் அந்தக் கேபிளைச் செருக அதில் இடமில்லை.

மீக்கணினி, பெருமுகக் கணினி, சிறுகணினி, நுண்கணினி என்று அளவை வைத்துப் பிள்ளைகளை மனனம் செய்ய வைக்கிறோம். இந்த மில்லுக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனால், எந்த வேலைக்கு எந்தக் கணினி என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. ஆகவே மில்லில் அந்தப் பெட்டிக்கு இணையம் கொடுப்பதில்லை. பக்கத்தில் ஒரு டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர். அதன் ஊசிகள் தாளில் குத்துவதால்தான் கார்பன் பிரதி விழும்: நிறுவைத் துண்டு விவசாயிக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று.